கசங்காவில் வௌவால் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜாம்பியாவின் கசங்கா பூங்காவுக்குப் போகலாமென்று இருக்கிறோம் என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "எத்தனை ராத்திரி?" என்றுதான். ஒரு ராத்திரி என்று பதில் வந்தால், இந்த வருடம் வேண்டாம், லீவு சேர்த்துக்கொண்டு அடுத்த நவம்பரில் போங்கள் என்று சொல்லிவிடுவேன். தலைநகர் லுசாகாவிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய், ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை டிபனை முடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் அங்கே இருப்பதில் பாதியைப் பார்ப்பதே இல்லை. குறைந்தது மூன்று இரவுகள் தங்க வேண்டும். அந்த மூன்று நாளும் எதையாவது துரத்திக்கொண்டு வண்டியில் சுற்றாமல், மரத்தின் மேல் ஏறி ஒரே இடத்தில் உட்கார வேண்டும். மீதி எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

நான் என்டோலாவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. காப்பர்பெல்ட் என்கிற இந்தத் தாமிரச் சுரங்கப் பகுதிக்குக் குடிவந்த பிறகு, முதல் மழை விழும் சமயத்தில் கசங்காவுக்குப் போவது எங்கள் வீட்டில் பொங்கல், தீபாவளி மாதிரி ஆகிவிட்டது. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் விக்டோரியா அருவியையும் சௌத் லுவாங்வா பூங்காவையும் கேட்கிறார்கள். கசங்கா என்றதும், "அங்கே சிங்கம் இருக்கா?" என்பார்கள். சிங்கம்தான் வேண்டுமென்றால் லுவாங்வாவுக்கே போகட்டும். கசங்கா சின்னப் பூங்கா, ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். காஃபுவே பூங்கா 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் இது ஒரு மூலை. ஆனால் உலகத்தில் வேறெங்கும் இந்த அளவில் கூடாத பழந்தின்னி வௌவால்கள் இந்த மூலைக்கு வருகின்றன.

எப்போது போவது

அக்டோபர் பிற்பகுதியில் முதல் கூட்டங்கள் வந்து இறங்கும். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை காடு நிறைந்திருக்கும். கிறிஸ்துமஸுக்குள் பெரும்பாலானவை போய்விடும். பள்ளி விடுமுறைக்காக டிசம்பர் கடைசியில் போகிறவர்கள் வெறும் மரங்களைப் பார்த்துவிட்டு வந்ததைக் கேட்டிருக்கிறேன். தேதியை உங்கள் வசதிக்கு வைக்காதீர்கள், பழத்தின் வசதிக்கு வையுங்கள். முதல் மழையோடு மியோம்போ என்கிற இந்தப் பக்கத்து வறண்ட காட்டில் மசுக்கு பழமும், நாவல் குடும்பத்தைச் சேர்ந்த முஃபின்சா பழமும் பழுக்கின்றன. அதற்காகத்தான் அவை வருகின்றன. பழுப்பு மஞ்சளில் இனிப்பாக இருக்கும் மசுக்குவை நாங்களும் சாலையோரத்தில் குவியல் குவியலாக வாங்கிச் சாப்பிடுவோம்.

வௌவாலின் பெயரே வைக்கோல் நிறப் பழந்தின்னிதான். கழுத்தைச் சுற்றியிருக்கும் ரோமம் அந்த நிறத்தில் இருக்கும். இறக்கையை விரித்தால் முக்கால் மீட்டர். நம் ஊர் ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி இதைவிடப் பெரியது, அதனால் தனியாக ஒன்றைப் பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியம் வராது. எண்ணிக்கைதான் விஷயம். விளம்பரங்களில் 80 லட்சம், 1 கோடி என்று போட்டிருக்கும். 2019இல் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் காட்டைச் சுற்றிக் கேமராக்கள் வைத்து, கணினியை விட்டு எண்ணச் சொன்னார்கள். ஏழரை லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடையில் வந்தது. குறைந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். ஏறத்தாழ பத்து லட்சம் உயிர் ஒரே சின்னக் காட்டிலிருந்து ஒரே நேரத்தில் எழுந்து போவதை நீங்கள் வேறெங்கே பார்க்க முடியும்? சரியான எண்ணைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது.

எங்கிருந்து வருகின்றன என்பதும் பாதிதான் தெரியும். சிலவற்றின் மேல் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பியபோது காங்கோவின் மழைக்காட்டுக்குள் போயின. ஒன்று ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் போனது.

போகும் வழி

லுசாகாவிலிருந்து வருகிறவர்கள் கபிரி எம்போஷியில் வலப்பக்கம் திரும்பி, தான்சானியா போகும் கிரேட் நார்த் ரோட்டைப் பிடிக்க வேண்டும். எங்களைப் போல காப்பர்பெல்ட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது இடப்பக்கம். எம்குஷி, செரெஞ்சே தாண்டி இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் போனால் இடதுபுறம் மன்சா ரோடு பிரியும். அதில் ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் பூங்கா வாசல். வாசலிலிருந்து வாசா ஏரிக்கரை லாட்ஜுக்கு மண்பாதையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

தாருஸ்ஸலாம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளும் எண்ணெய் டேங்கர்களும் இந்த ரோட்டில்தான் ஓடுகின்றன. குழிகள் உண்டு. விளக்கே இல்லாமல் ரோட்டில் நிற்கும் பழுதான லாரிகள் அதைவிட ஆபத்து. பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே கூடாது. லுசாகாவில் விடிவதற்குள் கிளம்பினால் மதியம் மூன்று மணிவாக்கில் வாசலுக்கு வந்துவிடலாம், மாலை வௌவாலுக்கும் நேரமிருக்கும். செரெஞ்சேயில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், கையில் உள்ளூர் நாணயமான குவாச்சாவாகப் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டுக்கும் நம்பகமான இடம் கிடையாது. மழை நன்றாகப் பிடித்துவிட்டால் உள்பாதைகள் சேறாகிவிடும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இருந்தால் நிம்மதி.

மருந்துக்கடைக்காரியாக ஒரு பத்தி

மலேரியா மாத்திரையை லுசாகாவில் இறங்கிய பிறகு தேடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் நான்கு வாரம் தினமும் சாப்பிட வேண்டும். வெயில் பட்டால் சிலருக்குத் தோல் எரியும், முழுக்கைச் சட்டை போடுங்கள். அடோவாகுவோன்-ப்ரோகுவானில் விலை கூடுதல், ஆனால் திரும்பிய பிறகு ஏழு நாள் போதும். எது உங்களுக்கு என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கட்டாயம் கேட்டே ஆக வேண்டும். அடுத்தது செட்சி ஈ. பாண்ட் துணியையும் தாண்டிக் கடிக்கும், தூக்க நோயைப் பரப்புவதும் அதுதான். கருப்பும் நீலமும் அதற்குப் பிடித்த நிறங்கள். அந்த ஈயைப் பிடிக்கக் கட்டும் பொறிகளையே கருப்பு, நீலத் துணியில்தான் செய்வார்கள். ஆகவே ஜீன்ஸை வீட்டில் வைத்துவிட்டு, மங்கிய பச்சை, காக்கி, சாம்பல் நிறத்தில் துணி கொண்டுவாருங்கள். காட்டுப் பாதையில் வண்டி போகும்போது கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். கடைசியாக ஒன்று: கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைப் பாவம் பார்த்துக்கூடத் தொடாதீர்கள், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மரத்தின் மேல்

வௌவால்கள் தங்குவது முஷிட்டு என்று இங்கே சொல்லும் சதுப்புக் காட்டில். வறண்ட மியோம்போவுக்கு நடுவே தண்ணீர் ஊறி நிற்கும் தரையில் எப்போதும் பச்சையாக இருக்கும் உயர்ந்த மரங்கள். பகலில் அடிமரத்திலிருந்து நுனிக்கிளை வரை கொத்துக் கொத்தாகத் தொங்கும். அந்தக் கனத்துக்குப் பெரிய கிளைகளே முறிந்து விழுவதுண்டு. முறியும் சத்தமும், அதைத் தொடர்ந்து எழும் கூச்சலும் தூரத்துக்குக் கேட்கும். காட்டுக்குள் நாமாக நடக்கக்கூடாது, துப்பாக்கி வைத்திருக்கும் பூங்காக் காவலர் (ஸ்கவுட்) ஒருவர் கூட வருவார். காட்டின் ஓரத்திலும் சுற்றியுள்ள மரங்களிலும் பலகை மேடைகள் அமைத்திருக்கிறார்கள். வௌவால் பருவத்தில் அவற்றில் இடம் குறைவு. அறையை முன்பதிவு செய்யும்போதே எந்த மேடை, எந்த நாள், காலையா மாலையா என்று எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இவற்றில் என் இடம் ஃபிப்வே. முலுலு என்று சொல்லும் பெரிய மகோகனி மரத்தில், தரையிலிருந்து சுமார் 18 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏணியில்தான் ஏற வேண்டும். மழை பெய்திருந்தால் படி வழுக்கும், ரப்பர் அடி வைத்த ஷூ போடுங்கள், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களையும் உயரம் கண்டால் தலை சுற்றுகிறவர்களையும் வற்புறுத்தி ஏற்ற வேண்டாம். காட்டின் ஓரத்தில் திறந்த வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் வானம் ஒன்றுதான். என் மாமியாரை அப்படித்தான் உட்கார வைத்தோம். கூட வந்த ஸ்கவுட் அவரை "பாமாயோ, பாமாயோ" (அம்மா, அம்மா) என்று கூப்பிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து முதல் வரிசை கிளம்பும் என்று கைகாட்டிக்கொண்டே இருந்தார்.

மாலையில் ஐந்து மணிக்கே மேலே போய்விடுங்கள். ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறையும். அதற்கு முன்பே காட்டின் மேல் கழுகுகள் வட்டமிடுவதைக் கவனியுங்கள். மார்ஷியல் கழுகு, முடிசூடிய கழுகு, மீன்கழுகு எல்லாம் இந்தப் பருவத்தில் இங்கே விருந்துக்கு வருகின்றன. மீன்கழுகு தண்ணீரை விட்டுவிட்டு வௌவாலைப் பிடிப்பதை நான் பார்த்தது இங்கேதான். பிறகு முதலில் பத்து, நூறு என்று கிளம்பும். திடீரென்று காடு முழுக்க ஒரே நேரத்தில் எழும். ஒரு பக்கமாகப் போகாது, பல ஆறுகளாகப் பிரிந்து வெவ்வேறு திசையில் போகும். இருபது, முப்பது நிமிடத்தில் இருட்டிவிடும்.

எல்லோரும் இதைப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று இறங்கிவிடுகிறார்கள். நான் கேட்டுக்கொள்வதெல்லாம் மறுநாள் காலையும் வாருங்கள் என்பதுதான். என் கணக்கில் காலைதான் பெரிய காட்சி. நான்கு மணிக்கு லாட்ஜிலிருந்து கிளம்பி, டார்ச்சின் சிவப்பு வெளிச்சத்தில் ஏறி, நாலரைக்கு உட்கார்ந்துவிட வேண்டும். கிழக்கு வெளுக்கும்போது அவை திரும்பி வரத் தொடங்கும். மாலையில் விலகிப் போகிறவை, காலையில் உங்களை நோக்கி வருகின்றன. வயிறு நிறைந்து மெதுவாக, தாழ்வாக, தலைக்கு மேலேயே வட்டமடிக்கும். மாலையைவிட நீண்ட நேரம் நடக்கும், வெளிச்சமும் குறையாமல் கூடிக்கொண்டே போகும். இறக்கையின் தோல் வழியாக வெயில் ஊடுருவி, விரல் எலும்புகள் தெரியும். பைனாகுலரை அப்போதுதான் எடுக்க வேண்டும். மாலையில் அது தேவையில்லை, வெறுங்கண்ணே போதும்.

காலையில் வந்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஐந்தரை, ஆறு மணிக்கு வௌவால்கள் அடங்கியதும் எல்லோரும் காபிக்காக இறங்குவார்கள். நீங்கள் இறங்காதீர்கள். ஃபிப்வேயிலிருந்து கீழே கபாபி சதுப்பு தெரியும். பனிமூட்டம் விலகும்போது கோரைப்புல்லில் சிட்டாடுங்கா தெரியும். ஆப்பிரிக்காவில் பார்க்கக் கடினமான மான் வகைகளில் ஒன்று, கசங்காவில் இந்த மரத்திலிருந்து பெரும்பாலான காலைகளில் பார்த்துவிடலாம். குளம்பு நீண்டு விரிந்திருப்பதால் சதுப்பில் அமிழாமல் நடக்கும். ஆபத்து என்றால் தண்ணீருக்குள் மூழ்கி மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும். அதனால்தான் தரையிலிருந்து பார்த்தால் சிக்காது, உயரம் வேண்டும். ஆணுக்கு முறுக்கிய கொம்பும் சாம்பல் கலந்த பழுப்பு ரோமமும் இருக்கும். பெண் செம்பழுப்பு, கொம்பில்லை. புல்லைத் துழாவிக்கொண்டே போகாமல், புல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒன்றில் கண்ணை வைத்துக் காத்திருங்கள். அது மேய்ந்துகொண்டே அந்த இடைவெளியைக் கடக்கும்.

மேடையில் சத்தம் போடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேச்சைவிட மோசமான சத்தங்கள் உண்டு: சிப்ஸ் பாக்கெட், ஒட்டுப்பட்டை வைத்த பை, பிளாஸ்டிக் மழைக்கோட்டு. சாப்பாட்டைத் துணியில் சுற்றியோ டப்பாவிலோ எடுத்துவாருங்கள். நான் சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டி எடுத்துப் போவேன். பலகை எப்போதும் ஈரம், உட்கார ஒரு மடித்த போர்வை வேண்டும். நவம்பர் காலை குளிராது, ஆனால் மரத்தின் மேல் காற்று உண்டு.

போட்டோ எடுப்பவர்களுக்கு இரண்டு சொல் மட்டும். பெரிய லென்ஸை மட்டும் நம்பி வராதீர்கள், கூட்டத்தின் அளவு அகலமான லென்ஸில்தான் பதியும். ஷட்டரை 1/500க்குக் கீழே இறக்காமல் ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள். பிளாஷ் வேண்டாம். முதல் மாலை கேமராவைத் தொடாமல் பாருங்கள், இரண்டாம் நாள் எடுக்கலாம். மூன்று இரவு கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுப்பகல்

பத்து மணிக்கு மேல் லாட்ஜ் வராந்தாவே போதும். வாசா ஏரியில் நீர்யானைகள் மூச்சு விடும், கரையில் புக்கு மான்கள் மேயும். புக்கு இங்கே நிறைய. ஒரு காலத்தில் அதுவும் இல்லாமல் போகப் பார்த்தது. 1972இல் தேசியப் பூங்காவாக அறிவித்தும், எண்பதுகளில் கள்ளவேட்டை காட்டைக் காலி செய்துகொண்டிருந்தது. 1985இல் டேவிட் லாய்ட் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்தபோது துப்பாக்கிச் சத்தம் கேட்டதாம். இன்னும் சுடுகிறார்கள் என்றால் சுடுவதற்கு இன்னும் ஏதோ மிஞ்சியிருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். பாதைகளும் பாலங்களும் போட்டார்கள், 1990இல் கசங்கா டிரஸ்ட் அரசோடு ஒப்பந்தம் செய்து பூங்காவைக் கையிலெடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வேறொருவர் திரும்பிப் போயிருப்பார். இன்று வராந்தாவில் உட்கார்ந்து புக்கு பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் நன்றி பொங்குகிறது.

பறவைக்காரர்கள் ஒரு பகலை லுவொம்ப்வா ஆற்றுக்கு ஒதுக்குங்கள். துடுப்புப் படகில் மெதுவாகப் போனால் போம் பஞ்சுருட்டான், ராஸ் டுராக்கோ, பாதி வளைய மீன்கொத்தி எல்லாம் கரையோர மரங்களில் தெரியும். 400க்கும் மேற்பட்ட பறவை வகைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். பபூன் குரங்குகளையும் நின்று பாருங்கள், இவை கிண்டா பபூன்கள், பபூன்களிலேயே சிறியவை. யானை சில உண்டு, கண்ணில் பட்டால் லாபம்.

ஷூபில் நாரை பார்க்கப் பக்கத்திலிருக்கும் பங்வெயுலு சதுப்பையும் இதே பயணத்தில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். நவம்பரில் சேர்க்காதீர்கள். மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிற்கும் மாதங்களில்தான் அதைப் பார்ப்பது எளிது, அதற்குத் தனியாகப் போக வேண்டும். அரை நாள் மிஞ்சினால் ஆப்பிரிக்காவைச் சுற்றிய ஆய்வுப்பயணி டேவிட் லிவிங்ஸ்டனின் நினைவுச்சின்னத்துக்குப் போய் வரலாம். 1873இல் அவர் இறந்தது சிதாம்போவின் ஊரில்தான். அவருடைய உதவியாளர்கள் சூமாவும் சூசியும் மற்றவர்களும் அவர் இதயத்தை அங்கே ஒரு முபுந்து மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலைக் கடற்கரை வரை தூக்கிச் சென்றார்கள்.

திரும்பும் வழியில்

கடைசி நாள் காலையும் மேடைக்குப் போய்விட்டு, ஒன்பது மணிக்குள் கிளம்பினால் இருட்டுவதற்குள் லுசாகா சேரலாம். வழியெல்லாம் சாலையோரத்தில் கரி மூட்டைகள் அடுக்கியிருக்கும். தயவு செய்து வாங்காதீர்கள். அந்தக் கரி எல்லாம் மியோம்போ மரம். பூங்காவைச் சுற்றியுள்ள காடு விவசாயத்துக்கும் கரிக்கும் வெட்டுப்பட்டுக்கொண்டே போகிறது. வௌவால்கள் தூங்குவதுதான் பூங்காவுக்குள், சாப்பிடுவது பெரும்பாலும் வெளியே இருக்கும் மரங்களில். இதே இன வௌவால்கள் விதையை 75 கிலோமீட்டர் வரை கொண்டுபோய்ப் போடக்கூடும் என்று கானாவில் நடந்த ஆய்வு சொல்கிறது. வெட்டிய காட்டைத் திரும்ப முளைக்க வைக்கிற ஆட்களையே பட்டினி போடுகிறோம்.

விற்கிறவர்களுக்கு வருமானம் வேண்டும், அதற்கு வேறு சரக்கு அவர்களிடமே இருக்கிறது. தேன் வாங்குங்கள். மசுக்கு வாங்குங்கள். நல்ல மழை விழுந்திருந்தால் எம்குஷிக்கும் செரெஞ்சேக்கும் இடையில் பிள்ளைகள் குடை அகலக் காளானைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். கறையான் புற்றில் முளைப்பது, பெயர் இச்சிகொலோவா. வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும், மறுநாளைக்குத் தாங்காது. மண் போகக் கழுவி, கையால் கிழித்து, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினால் ஒரே காளான் நாலு பேருக்கு வரும்.